ஆழ்குழாயில் விழுந்த மோட்டார்

சென்னியப்பனிடம் நீங்கள் எதைக் கேட்டாலும் அவர் வாயில் முதலில் வருவது "முடியாது" என்கிற சொல்தான். எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டித் தரமுடியுமா என்று பட்டறைக்கு வருகிறவனுக்கும் அதுதான், கோயில் நோம்பிக்கு வருவீர்களா என்று கேட்கிற பங்காளிக்கும் அதுதான். பெண் பார்க்கப் போன அன்றைக்கு, "புள்ளையப் புடிச்சிருக்குதா?" என்று கேட்ட சொந்தப் பெரியப்பாவிடமே, "இப்பச் சொல்ல முடியாது" என்று எழுந்து போய், தெருமுனையில் கால் மணி நேரம் நின்று யோசித்துவிட்டு வந்து, "சரி, எப்ப வெச்சுக்கலாம்?" என்று கேட்ட மனுஷன். அந்தக் கால் மணி நேரத்தில் உள்ளறையில் உட்கார்ந்திருந்த தாரணிக்கு உயிர் போய் உயிர் வந்தது. நல்ல ஆளய்யா! ஆனால் கல்யாணத்துக்கு அப்புறம் அவள் ஒன்றைப் புரிந்துகொண்டாள். அவருடைய முடியாதுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். காத்திருந்தால் காரியம் தானாக நடக்கும். இருபத்தைந்து வருஷம் அவள் குடும்பம் நடத்தியது அப்படித்தான்.

அதனால் டாக்டர் ஷெரின், "ஒரே மாசத்துல நீங்க ஒரு நாவல் எழுதணும்" என்று சொன்னபோது சென்னியப்பன் என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

"முடியாதுங்க. நா மோட்டாருக்குக் காயில் கட்டறவன். கதப் பொஸ்தகத்தத் தலைக்கு வெச்சுப் படுத்திருக்கறேன், படிச்சதில்ல."

டாக்டர் சிரிக்கவில்லை. மேஜைத் திரையில் சென்னியப்பனின் மூளைப் படம் ஒளிர்ந்துகொண்டிருந்தது. இடது பக்கம் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கட்டி. பேச்சு பிறக்கிற இடத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தது சனியன்.

"அடுத்த மாசம் ஆபரேஷன். அதைத் தள்ளிப் போட முடியாது. உயிருக்கு ஒண்ணும் ஆகாது. நாம பேசறது உங்களுக்குப் புரியும். ஆனா நீங்க பேச வராது, எழுதவும் வராது. அதுக்குத்தான் இந்த மறுவாய்."

கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கருவியைக் காட்டினார். தொண்டையில் ஒட்டிக்கொள்வது. மூளையிலிருந்து ஒரு கம்பி அதற்கு வரும்.

"கோபமா, பாசமா, யாரைப் பார்த்து வருதுங்கறதை இந்தக் கம்பி சொல்லிடும். ஆனா அந்தக் கோபத்துல நீங்க என்ன சொல்வீங்க? திட்டுவீங்களா, கம்முனு இருப்பீங்களா, மன்னிச்சு விட்டுடுவீங்களா? அது கம்பிக்குத் தெரியாது. உங்க நாவலைப் படிச்சுத்தான் மறுவாய் அதைக் கத்துக்கும்."

தாரணிக்குப் புரியவில்லை. "ஏனுங் டாக்டரம்மா, அவுரு பேசறத ரெக்கார்டு பண்ணிக் குடுத்தாப் போதாதுங்களா? நாள் பூரா யாரையாச்சும் திட்டிட்டேதான் இருப்பாரு."

"பேசும்போது நாம எதிர்ல நிக்கறவங்களுக்குத் தகுந்த மாதிரி பேசிடறோம்மா. கதையில அப்படி இல்ல. அதுல வர்ற ஒவ்வொருத்தரும் என்ன செய்யணும்னு இவரே முடிவு பண்ணியாகணும். ஐம்பதாயிரம் சொல்லு வந்தா மறுவாய்க்கு ஆள் பிடிபட்டுடும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. வேற யாரும் ஒரு வரிகூட எழுதக் கூடாது."

"எழுதாம உட்டா?" என்றார் சென்னியப்பன்.

டாக்டர் அவர்களை வார்டுக்குக் கூட்டிப்போனார். ஜன்னலோரக் கட்டிலில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மனைவி ஆரஞ்சுச் சுளை ஊட்டிக்கொண்டிருந்தாள். பாதியில் நாவலை விட்டவராம். தொண்டையில் இருந்த பாக்கு, செய்தி வாசிக்கிற குரலில் சொன்னது: "நன்றி. எனக்குத் தண்ணீர் வேண்டும்." அந்தம்மா தண்ணீர் கொடுத்தாள். "நன்றி. எனக்கு வலி இல்லை." கல்யாணமான நாளிலிருந்து புருஷன் தனக்கு ஒருமுறைகூட நன்றி சொன்னதில்லை என்றும், இப்போது நாளெல்லாம் அதைத்தான் சொல்கிறார் என்றும் அந்தம்மா தாரணியிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திரும்பிப் பார்த்தால் சென்னியப்பனைக் காணோம். வராந்தாவின் கோடியில் சுவரைப் பார்த்து நின்றார். கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார்.

"சரி, எப்ப ஆரம்பிக்கோணும்?"

அன்றைக்கே ஆஸ்பத்திரியில் ஒரு கைப்பலகையைக் கொடுத்தார்கள். அதன் திரை மூலையில் ஒரு வாழைக்கன்றுப் படம். எழுத எழுத அது வளரும், இலை விடும், கடைசியில் குலை தள்ளும். எழுதாத நாளில் வாடிப்போய்த் தலையைத் தொங்கப்போடும். இதையெல்லாம் உட்கார்ந்து யோசிக்கிறவர்கள் யாரோ! அந்த மாசம் நாவல் எழுதுகிற நோயாளிகளுக்கு ஒரு குழுவும் இருந்தது. மெர்லின் என்கிற பெண் காலையில் எல்லோருக்கும் குரல் செய்தி அனுப்புவாள். "வணக்கம் எழுத்தாளர்களே! அழிக்காதீங்க, திரும்பிப் பாக்காதீங்க, தப்போ ரைட்டோ எழுதிட்டே போங்க! உங்களால முடியும்!"

"முடியாது" என்பார் சென்னியப்பன் பலகையைப் பார்த்து. அப்புறம் எழுதுவார், ஒற்றை விரலால்.

அவர் நாவலின் முதல் வரி இது: "மோட்டார் உள்ளே போய்விட்டது." மாரப்பன் என்று ஒரு விவசாயி. அவனுடைய ஆழ்குழாய்க் கிணற்றில் கயிறு அறுந்து மோட்டார் விழுந்துவிட்டது. தோட்டம் காய்கிறது. மோட்டாரை எடுக்காமல் வீட்டுக்கு வரமாட்டேன் என்று மாரப்பன் குழாய் வாயிலேயே உட்கார்ந்துவிடுகிறான். வருகிறவன் போகிறவனையெல்லாம் திட்டுகிறான், மோட்டாரைத் திட்டுகிறான், மழையைத் திட்டுகிறான். படித்துப் பார்த்த தாரணிக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

"ஏனுங்க, இது நம்ம கதையாட்டமே இருக்குது!"

"கம்முனு போ அம்மிணி. மாரப்பன் என்னைய விட நல்லவன்."

முதல் பத்து நாள் இப்படிக் குஷியாகத்தான் போனது. வாழை இலை விட்டது. அப்புறம் தலைவலி ஆரம்பித்தது. மாத்திரை போட்டால் தூக்கம், போடாவிட்டால் வலி. வலது கை விரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நாலு வரி எழுதி மூன்று வரியை அழித்தார். தாரணி என்னென்னவோ செய்து பார்த்தாள். டிவி ரிமோட்டை ஒளித்து வைத்தாள். ஒரு பக்கம் எழுதினால்தான் அரிசிம்பருப்புச் சோறு என்று கண்டிஷன் போட்டாள். மகள் மிதுனா ஓசூரிலிருந்து வீடியோவில் வந்து, "அப்பா, இன்னிக்கு இலை வந்துச்சா?" என்று தினமும் நச்சரித்தாள். குழுவில் பொள்ளாச்சி பஸ் டிரைவர் ஒருவர் முடித்தேவிட்டார். அவருடைய வாழை குலை தள்ளிய படத்தை மெர்லின் எல்லோருக்கும் அனுப்பினாள். அதைப் பார்த்ததும் தாரணிக்கு வயிறு எரிந்தது. யாரோ ஒரு டிரைவருக்கு வாய் கிடைத்துவிட்டது, என் புருஷனுக்குக் கிடைக்காதா? தண்ணீர் வேண்டும், நன்றி, வலி இல்லை. இதைக் கேட்டுக்கொண்டுதான் மிச்ச நாளைக் கழிக்கப்போகிறேனா?

எழுத்து ஒரேயடியாக நின்றது மாரப்பனின் தம்பி வந்தபோதுதான்.

கதையில் அந்தத் தம்பி ஒரு கிரேன் வண்டியோடு வந்து தோட்டத்து வேலிக்கு வெளியே நிற்கிறான். அவன் உள்ளே வந்தால் மோட்டாரைத் தூக்கிவிடலாம். ஆனால் அண்ணனும் தம்பியும் பேசிப் பல வருஷமாகிறது. நிஜத்தில் சென்னியப்பனுக்கும் ஒரு தம்பி உண்டு, குப்புராஜ். அப்பா செத்தபோது சென்னியப்பன் வேலையாக ராஜ்கோட் போயிருந்தார். விமானம் பிடித்து, பஸ் பிடித்து, அழுதுகொண்டே வந்து இறங்கினால், மயானத்தில் சாம்பல்தான் இருந்தது. மழை வந்துவிடும் என்று குப்புராஜே கொள்ளி வைத்துவிட்டான். மூத்தவன் கையால் நடக்கவேண்டிய காரியம். அப்பா முகத்தைக்கூடப் பார்க்கவிடவில்லை பாவி. அன்றைக்கு நின்றது பேச்சு. மிதுனா கல்யாணத்துக்குக்கூட அவனுக்குப் பத்திரிகை போகவில்லை. குப்புராஜின் மனைவியும் தாரணியும் மட்டும் ரகசியமாகப் போனில் பேசிக்கொள்வார்கள். ரெண்டு பேரும் சேர்ந்து அழாத தீபாவளி கிடையாது.

"ஏனுங்க, மூணு நாளாச்சு. வாழை வாடிப்போச்சு."

"தம்பி வந்து வேலிக்கிட்ட நிக்கறான் அம்மிணி. அவன மாரப்பன் உள்ள உடறதா வேண்டாமான்னு தெரியல. யோசிச்சுட்டு இருக்கறேன்."

"கதைதானுங்க! எதையாச்சும் எழுதுங்க. உள்ள உட்டா என்ன, உடாட்டி என்ன? நாள் போகுதில்ல?"

"முடியாது" என்றார் சென்னியப்பன். கண்ணை மூடிக்கொண்டார்.

அவருடைய முடியாதுக்குக் காத்திருக்கத் தெரிந்தவள் உலகத்திலேயே தாரணி ஒருத்திதான். இந்த ஒருமுறை அவளால் காத்திருக்க முடியவில்லை. எப்படிக் காத்திருப்பாள்? ஆபரேஷன் தேதி காத்திருக்கிறேன் என்று சொல்லுமா?

மத்தியான மாத்திரைக்குப் பிறகு அவர் அசந்து தூங்கினார். தாரணி பலகையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். பள்ளிக்கூடத்தில் மிதுனாவுக்குக் கொடுத்த தெர்மாகோல் எரிமலை, தேசப்படம், கைவேலை எல்லாவற்றையும் செய்துகொடுத்தது யார்? தாரணிதான். பிள்ளை தூங்கட்டும், மார்க் வந்தால் போதும் என்று ஊரில் எந்த அம்மா செய்யவில்லை? அதே நினைப்பில்தான் இதையும் செய்தாள். ஒரு பக்கம் மட்டும், மனுஷன் எழுந்தால் அவர் தொடரட்டும், என்று.

ஒரு பக்கம் என்பது எங்கே நின்றது? சென்னியப்பன் எப்படித் திட்டுவார், எந்த இடத்தில் மூக்கை உறிஞ்சுவார், எதற்கு "கெரகம்" என்பார், எதற்கு "கருமம்" என்பார் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். விரல் தானாக ஓடியது. வேலிக்கு வெளியே நின்ற தம்பியைப் பார்த்து மாரப்பன், "நாயே, வேலிக்கிட்ட என்னடா நிக்கறே? உள்ள வா. சோறு தின்னுட்டு வேலையப் பாரு" என்றான். எழுதியதும் தாரணி அழுதுவிட்டாள். இதைக் கேட்க எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறாள்! அப்புறம் தினமும் மத்தியானம் எழுதினாள். அண்ணனும் தம்பியும் சேர்ந்து கிரேன் கட்டினார்கள். கயிற்றைச் சரியாக முடிச்சுப் போடாதது நான்தான் என்று மாரப்பனின் மனைவி புருஷனிடம் ஒப்புக்கொண்டு அழுதாள். மாரப்பன் அவளை மன்னித்தான். எல்லோரையும் மன்னித்தான். மோட்டார் மேலே வந்தது. வாழை குலை தள்ளியது. 'நடை பொருந்துகிறது' என்று பலகை பச்சை விளக்குக் காட்டியது. மெர்லின் கைதட்டிக் குரல் அனுப்பினாள்.

சென்னியப்பன் பலகையைக் கேட்டபோது தாரணி, "போதுமான அளவு ஆயிருச்சாமுங்க, மெர்லின் சொல்லிருச்சு" என்றாள்.

"தம்பி கத முடியலியே?"

"இருக்கற வரைக்கும் போதுமாமுங்க."

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி" என்றார். முதலில் முடியாது என்று சொல்லாமல் அவர் சரி என்றது அன்றைக்குத்தான். தாரணி அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

ஆபரேஷன் அன்று காலையில் அவரைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். தியேட்டர் வாசலில் அவர் தாரணியின் கையைப் பிடித்தார். நாக்கு குழறியது.

"அம்மிணி, தம்பி விசயத்துல ஒரு முடிவுக்கு வந்துட்டேன். வந்து சொல்றேன்."

"இப்பவே சொல்லுங்க! ஏனுங்க, இப்பவே சொல்லிப்போடுங்க!"

நர்ஸ் வண்டியைத் தள்ளினாள். கதவு மூடிக்கொண்டது.

மறுவாய் பேசிய முதல் வார்த்தை, "ஏம்புள்ள, காப்பித்தண்ணி எங்க?" அவர் குரல், அவர் மூக்குறிஞ்சல், அதே அதிகாரம்! தாரணி கட்டிலைப் பிடித்துக்கொண்டு கதறினாள். மிதுனா போனில் கதறினாள். பட்டறை ஆட்கள் பார்க்க வந்தார்கள், ஒவ்வொருவனும் ஒரு திட்டு வாங்கிக்கொண்டு வாயெல்லாம் பல்லாகப் போனான். "அதே வாய்ங்க! துளி மாறல!" என்றார்கள். நாம் செய்தது தப்பே இல்லை என்று தாரணிக்கு ஒரு வாரம் நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

வீட்டுக்கு வந்து நாலாம் நாள் குப்புராஜ் வந்தான். தாரணி அவனைக் கூப்பிடவில்லை. அவன் மனைவிதான் விஷயத்தைச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். தலை நரைத்துப்போய், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரப் பயந்து நின்றான். கட்டிலில் சாய்ந்திருந்த சென்னியப்பன் தலையைத் திருப்பினார். தம்பியைப் பார்த்தார். தொண்டையில் மறுவாயின் பச்சை விளக்கு எரிந்தது.

"நாயே, வாசல்ல என்னடா நிக்கறே? உள்ள வா. சோறு தின்னுட்டுப் போ."

"அண்ணா!" என்று குப்புராஜ் ஓடிவந்து காலில் விழுந்தான். "தப்புப் பண்ணிட்டேண்ணா! உனக்காகக் காத்திருந்திருக்கோணும்ணா!" அவன் அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். வந்தவர்களும் அழுதார்கள். இப்படி ஒரு மனசு யாருக்கு வரும் என்றார்கள்.

தாரணி மட்டும் அழவில்லை. அவள் சென்னியப்பனின் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது போர்வையைக் கிழிகிற மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தது. அவர் கண்ணும் தம்பி மேல் இல்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் எதையோ சொல்லப் பார்த்துச் சொல்ல முடியாமல் கோணிக்கொண்டது. சேர்த்துக்கொள்ள நினைத்தாரா, செருப்பால் அடிக்க நினைத்தாரா, யாருக்குத் தெரியும்? தியேட்டர் வாசலில் அவர் எடுத்து வைத்திருந்த முடிவு என்ன? குப்புராஜ் பாட்டுக்குச் சோறு தின்றான், ரெண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கிக்கொண்டான்.

மறுநாள் டாக்டர் ஷெரினிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"எவ்வளவும்மா எழுதினீங்க?"

"பாதிக்கு மேலங்க."

"நான் சொன்னேனேம்மா, ஒரு வரிகூடக் கூடாதுன்னு."

"அவுரு மாதிரியேதானுங்க எழுதினேன். ஒரு வார்த்த மாறாம."

"வார்த்தை மாறலம்மா. அதனாலதான் எங்க கருவியும் ஏமாந்துடுச்சு. தம்பியப் பார்த்ததும் அவர் மனசுல ஒரு சூடு வந்திருக்கு. அந்தச் சூட்டுக்கு என்ன பதில்னு மறுவாய் நாவல்ல தேடியிருக்கு. தம்பி வந்து நின்ன பிறகு அங்க இருக்கறது எல்லாம் உங்க பக்கங்கள்தானே?"

"அத எடுத்துப்போடுங்க. நா எழுதின என்ற பக்கத்தையெல்லாம் எடுத்துப்போடுங்க!"

"எடுத்துடலாம். மிச்சம் இருக்கறது பத்தாதும்மா. அப்புறம் தண்ணீர் வேண்டும், நன்றி, அவ்வளவுதான். அவரால இனி எழுதவும் முடியாது." டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்களே அவர்கிட்டச் சொல்லுங்க. அவருக்கு எல்லாம் புரியும்."

கோயமுத்தூர் வெயிலில் பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தாள். சென்னியப்பன் விழித்துத்தான் இருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலருகே போய் நின்றாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நடுவிலிருந்தே ஆரம்பித்தாள்.

"மாரப்பன் தம்பிய உள்ள கூப்பிட்டது நீங்க எழுதினதில்லீங்க. நாந்தேன் எழுதினேன். நீங்க தூங்கறப்பத் திருட்டுத்தனமா எழுதினேன். நீங்க யோசிச்சுட்டு இருக்கறேன்னு சொன்னீங்க, நா கேக்கல. எனக்குப் பயமாப் போச்சுங்க. நீங்க பேசாத வீட்டுல எப்படி இருப்பேன்னு பயந்துட்டேன். உங்க வாயப் புடுங்கி என்ற வாய வெச்சுப்போட்டேன். என்னையத் திட்டுங்க. எத வேணாச் சொல்லுங்க, ஆனா நீங்க சொல்லுங்க!"

பச்சை விளக்கு எரிந்தது.

"அட கிறுக்குப்புள்ள" என்றது மறுவாய், அவர் குரலில், அவர் செல்லத்தில். "இதுக்குப் போயி அழுவாங்களா? உட்டுத்தள்ளு. போயி மூஞ்சியக் கழுவிட்டு வா."

அந்த வரி தாரணிக்குத் தெரியும். கயிற்று முடிச்சைச் சரியாகப் போடாத மனைவி அழும்போது மாரப்பன் சொல்கிற வரி. ஒரு மத்தியானம், குக்கர் விசில் அடிக்கையில், அடுக்களையில் உட்கார்ந்து அவள் எழுதியது. எழுதி முடித்துவிட்டு, பரவாயில்லையே, நன்றாக வந்திருக்கிறதே என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டதுகூட ஞாபகம் வந்தது.

"ஐயோ, இது வேண்டாமுங்க" என்றாள். "இத நாந்தேன் எழுதினேன். இது வேண்டாம்."

"அட, உட்டுத்தள்ளு அம்மிணி" என்றது மறுவாய்.

சென்னியப்பனின் இடது கை மெதுவாக எழுந்தது. தொண்டைக்குப் போனது. விரல் தடவித் தடவி மறுவாயை நிறுத்துகிற பொத்தானைத் தேடி அழுத்தியது. பச்சை விளக்கு அணைந்தது. அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

வீடு அடங்கிப்போனது. வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்கள். தாரணி செருப்பைக் கழற்றி மூலையில் வைத்தாள். கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அவர் முடியாது என்று சொல்லிவிட்டார், அது அவளுக்குப் புரிந்தது. அதற்குப் பின்னால் எப்போதும் கொஞ்ச நேரம் ஆகும். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு, அவசரப்படாமல், அவள் காத்திருந்தாள்.